மண், பாறை, ஜல்லி, கான்கிரீட்: ஆய்வகத்துக்கு வருவோர் கேட்கும் கேள்விகள்

வீடு கட்டத் தொடங்குவோரும், சிறு கட்டடங்களை எடுத்துச் செய்யும் ஒப்பந்ததாரர்களும், புதிதாகப் பணியில் சேர்ந்த சைட் இன்ஜினியர்களும் கட்டுமானப் பொருள் ஆய்வகத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதப்பட்டிருக்கிறது. பதில்கள் தமிழ்நாட்டு மண்ணையும் இங்கே கிடைக்கும் பொருள்களையும் மனத்தில் கொண்டவை. எண்கள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். விதிகளைச் சார்ந்தவை. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆய்வகம் தன் கைக்கு வந்த மாதிரியைத்தான் சோதிக்கிறது. அந்த மாதிரி சரியான இடத்தில், சரியான முறையில் எடுக்கப்பட்டிருந்தால்தான் அறிக்கையில் உள்ள எண் உங்கள் கட்டடத்தின் எண்ணாகும். கீழே உள்ள பதில்கள் பலவும் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்கே வரும்.

பக்கத்து மனையில் இரண்டு மாடி வீடு பத்து ஆண்டுகளாக விரிசல் இல்லாமல் நிற்கிறது. என் மனைக்குத் தனியாக மண் பரிசோதனை தேவையா?

தேவை. பக்கத்து வீடு நல்ல அறிகுறிதான். ஆனால் அதன் அடித்தளம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, எந்த மண்ணில் உட்கார்ந்திருக்கிறது என்பது பெரும்பாலும் அந்த வீட்டுக்காரருக்கே தெரியாது. இன்று மனைப்பிரிவுகளாக இருக்கும் பல நிலங்கள் முன்பு வயலாகவோ, ஏரியின் நீர்பிடிப்பாகவோ, செங்கல் சூளைக்கு மண் வெட்டிய பள்ளமாகவோ இருந்தவை. தூர்ந்துபோன ஒரு கிணற்றின் மேல் இரண்டடி செம்மண் கொட்டிச் சமப்படுத்திவிட்டால் மேலே நின்று பார்ப்பவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது. அந்த மனையில் வீட்டின் மூன்று மூலைகள் இயற்கை மண்ணின் மேலும் ஒரு மூலை நிரப்பு மண்ணின் மேலும் அமைந்துவிட்டால், அந்த ஒரு மூலை மட்டும் மெல்ல இறங்கத் தொடங்கும்.

வீடு முழுவதும் ஒரே அளவில் இறங்கினால் பெரிய கேடு விளைவதில்லை. தூண்களின் அடியில் தனித்தனி ஃபுட்டிங்குகள் (பாரத்தை மண்ணில் பரப்பும் கான்கிரீட் பாதங்கள்) கொண்ட கட்டடத்துக்கு ஐ.எஸ். 1904 மணலில் 50 மி.மீ., களிமண்ணில் 75 மி.மீ. வரை மொத்த இறக்கத்தை அனுமதிக்கிறது. ஆனால் அடுத்தடுத்த இரு தூண்களுக்கு இடையே உள்ள இறக்க வேறுபாடு, நான்கு மீட்டர் இடைவெளிக்குச் சில மில்லிமீட்டர் அளவைத் தாண்டக் கூடாது என்று அதே விதி கண்டிப்பாகச் சொல்கிறது. சுவரைக் கிழிப்பது இந்த வேறுபாடுதான். ஆகவே மண் பரிசோதனையில் தாங்கு திறன் என்ற ஒற்றை எண்ணைவிட, மனைக்குள் மண் எங்கே எப்படி மாறுகிறது என்ற விவரம் பல சமயங்களில் அதிகம் பயன்படுகிறது. கிணறு, குட்டை, வாய்க்கால் இருந்த இடங்களை அந்த ஊரில் நீண்ட காலம் வாழும் ஒருவரிடம் கேட்டறிந்து, மண் பரிசோதனைக்குத் துளையிட வருவோரிடம் சொல்லிவிடுங்கள். இந்த விவரத்தைத் தரும் கருவி எந்த ஆய்வகத்திலும் இல்லை.

எத்தனை துளைகள் போட வேண்டும்? எவ்வளவு ஆழம்?

ஏறத்தாழ ஓர் ஏக்கர் பரப்புள்ள, அதாவது 0.4 ஹெக்டேர் அளவுள்ள கட்டட மனைக்கு நான்கு மூலைகளில் நான்கும் நடுவில் ஒன்றும், சிறிய கட்டடத்துக்கு நடுவில் ஒன்றும் போதும் என்று ஐ.எஸ். 1892 நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறது. இருப்பினும், இரண்டு கிரவுண்டு மனையாக இருந்தாலும் எதிரெதிர் மூலைகளில் இரண்டு துளைகள் போடுவது நல்லது என்பது எங்கள் கருத்து; ஒரே துளை மண் மாறுகிறதா என்ற கேள்விக்குப் பதில் தராது.

ஆழத்தைப் பொறுத்தவரை, அடித்தள மட்டத்துக்குக் கீழே ஃபுட்டிங்கின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆழம் வரையிலாவது மண்ணை அறிய வேண்டும். ஃபுட்டிங்குகள் நெருக்கமாக அமைந்தால் அவற்றின் பாரம் கீழே ஒன்றாகக் கலந்துவிடுவதால், அப்போது கட்டடத்தின் முழு அகலத்தையே கணக்கில் எடுக்க நேரிடும். ஐந்தடி குழி தோண்டிப் பார்த்து "கெட்டி மண் வந்துவிட்டது" என்று முடிவு செய்வதில் உள்ள ஆபத்து இதுதான்: அந்தக் கெட்டி அடுக்கின் கீழே இளகிய களி இருந்தால் குழி அதைக் காட்டாது.

அறிக்கையில் ‘என் (N) மதிப்பு’ என்று ஒரு வரிசை இருக்கிறது. அது எப்படிக் கிடைக்கிறது?

துளைக்குள் ஒரு பிளவுக் குழாயை இறக்கி, 63.5 கி.கி. எடையுள்ள சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 45 செ.மீ. இறங்கும்வரை அடிகளை எண்ணுகிறார்கள். முதல் 15 செ.மீ. துளையிட்டபோது கலைந்த மண்ணாக இருக்கக்கூடும் என்பதால் அதைத் தள்ளிவிட்டு, அடுத்த 30 செ.மீ.க்கான அடிகளின் எண்ணிக்கையை ‘என்’ என்று குறிக்கிறார்கள். ஐ.எஸ். 2131 விவரிக்கும் தரநிலை ஊடுருவல் சோதனை இதுவே. ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு ஒரு முறை இதைச் செய்வது வழக்கம்.

எளிய சோதனை என்பதாலேயே இதில் பிழை புகுவதும் எளிது. கயிற்றை முழுவதும் தளர்த்தாமல் சுத்தியலை இழுத்துப் பிடித்தபடி விட்டால் அடியின் வலு குறைந்து எண் கூடும். மண் உள்ளதைவிடக் கெட்டியாகத் தோன்றும். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே மணலில் துளையிடும்போது துளைக்குள் தண்ணீரின் மட்டத்தைக் குறையவிட்டால், வெளியே உள்ள நீர் மணலை மேல்நோக்கித் தள்ளிக் குலைத்துவிடும். அப்போது எண் குறையும். இந்த இரண்டையும் அறிக்கையைப் படித்துக் கண்டுபிடிக்க முடியாது. எனவே துளை போடும் நாளில் உங்கள் பொறியாளர் களத்தில் நிற்பது, பிறகு அறிக்கையைப் பத்து முறை படிப்பதைவிடப் பயன் தரும்.

களிமண்ணுக்கு இந்த எண்ணை மட்டும் நம்பி வடிவமைக்கக் கூடாது. களியில் மெல்லிய சுவருள்ள குழாயைச் செலுத்தி, கலையாத மாதிரி எடுத்து, இரு முனைகளையும் மெழுகால் மூடி, ஈரம் போகாமல் ஆய்வகத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதிலிருந்துதான் வெட்டு வலிமையும், பாரத்தின்கீழ் மாதக்கணக்கில் நீர் வெளியேறிக் களி இறுகும்போது ஏற்படும் இறக்கமும் கிடைக்கும். வெயிலில் இரண்டு நாள் வண்டியில் கிடந்த குழாயைத் திறந்து செய்யும் சோதனைக்கு மதிப்பே இல்லை.

எங்கள் ஊர் கரிசல் மண். கோடையில் விரிசல் விடுகிறது, மழையில் மூடிக்கொள்கிறது. இதற்கு என்ன சோதனை?

கோவில்பட்டி, விருதுநகர் வட்டாரங்களிலும் கோவை, மதுரைப் பகுதிகளின் சில இடங்களிலும் வீடு கட்டுவோருக்கு இது மிக முக்கியமான கேள்வி. கரிசலில் உள்ள மாண்ட்மோரிலனைட் என்ற களிக் கனிமம் தன் அடுக்குகளுக்கு இடையே நீரை உள்வாங்கி உப்புகிறது, காய்ந்தால் சுருங்குகிறது. மற்ற மண்ணில் பாரம் கூடினால்தான் கவலை; கரிசலிலோ பாரம் குறைந்த ஒற்றைத் தள வீடும், சுற்றுச்சுவரும், திண்ணையும்தான் முதலில் தூக்கப்படுகின்றன.

இதைக் கண்டறியும் முதல் சோதனை மிகவும் எளிமையானது. உலர்த்திய மண்ணை 425 மைக்ரான் சல்லடையில் சலித்து, பத்துப் பத்து கிராமாக இரண்டு 100 மி.லி. அளவுக் குழாய்களில் போடுகிறோம். ஒன்றில் காய்ச்சி வடித்த நீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றி 24 மணி நேரம் விடுகிறோம். மண்ணெண்ணெய் களியின் அடுக்குகளுக்குள் புகாது என்பதால் அந்தக் குழாயில் மண் உப்புவதில்லை. அதுவே ஒப்பீட்டு அளவு. மண்ணெண்ணெயில் 10 மி.லி. இருந்த மண் நீரில் 18 மி.லி. ஆகியிருந்தால் உப்பல் குறியீடு 80%. ஐ.எஸ். 1498 இதை 50%க்குக் கீழ், 50 முதல் 100, 100 முதல் 200, 200க்கு மேல் என்று வகுத்து, படிப்படியாக அபாயம் கூடுவதாகக் கொள்கிறது. இதோடு நீர்ம வரம்பு, குழைவு வரம்பு ஆகிய சோதனைகளையும் சேர்த்துச் செய்ய வேண்டும். மண் எந்த ஈரப்பதத்தில் குழம்பாக ஓடத் தொடங்குகிறது, எந்த ஈரப்பதத்தில் 3 மி.மீ. கயிறாகத் திரிக்கும்போது உடைகிறது என்பதை இவை சொல்கின்றன. இவ்விரண்டு அளவுகளுக்கும் இடையே உள்ள தூரம் கூடக் கூட மண்ணின் உப்பும் குணமும் கூடும். உப்பல் அழுத்தத்தை நேரடியாக அளக்கும் சோதனையும் உண்டு; குறியீடு 100ஐத் தாண்டினால் அதைத் தவிர்க்காதீர்கள்.

தீர்வும் இந்த எண்களிலிருந்தே பிறக்கிறது. ஆழமற்ற கரிசலாக இருந்தால் அதை முழுவதும் அகற்றிவிட்டு, உப்பாத கிராவலை அடுக்கடுக்காக இறுக்கி நிரப்பலாம். ஆழமாக இருந்தால், பருவ மாற்றத்தால் ஈரம் பெரிதாக மாறாத சுமார் 3.5 மீட்டர் ஆழத்துக்குக் கீழே குமிழ் போன்ற அடிப்பகுதியுடன் இறங்கும் அண்டர்-ரீம் பைல்களைப் போடுவது நம் நாட்டில் நன்கு நிலைபெற்ற முறை. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதை வளர்த்தெடுத்தது. அப்படிக் கட்டும்போது பைல்களின் தலைகளை இணைக்கும் கிரேடு பீமின் அடிப்பகுதி மண்ணைத் தொடாமல் இடைவெளி விட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் உப்பும் மண் பீமையே மேலே தள்ளும்.

துளையில் பாறை வந்துவிட்டது. அத்தோடு நிறுத்திவிடலாமா?

உடனே நிறுத்தக் கூடாது. தட்டுப்பட்டது தாய்ப் பாறையா, மண்ணுக்குள் மிதக்கும் உருண்டைப் பாறையா என்பது தெரிய வேண்டும். நம் பகுதியின் கடினப் பாறைகள் மேலிருந்து கீழாகச் சீராகச் சிதைவதில்லை. விரிசல் வழியே நீர் இறங்கிச் சுற்றிலும் மண்ணாகிவிட்ட பிறகும் நடுவில் பெரிய உருண்டைகள் எஞ்சி நிற்கும். ஆகவே வைரமுனை கொண்டு பாறைக்குள் மேலும் சில மீட்டர் துளைத்து, கோர் எனப்படும் உருளை வடிவத் துண்டை எடுத்துப் பார்க்க வேண்டும்.

எடுத்த கோரில் இரண்டு அளவுகள் முக்கியம். துளைத்த நீளத்தில் எவ்வளவு நீளம் கையில் கிடைத்தது என்பது ஒன்று. கிடைத்தவற்றில் 10 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீளமுள்ள முழுத் துண்டுகளின் கூட்டு நீளம் துளைத்த நீளத்தில் எத்தனை விழுக்காடு என்பது மற்றொன்று. 1960களில் அமெரிக்கப் பொறியாளர் டான் டீரி வகுத்த இந்த இரண்டாவது அளவை ஆர்.க்யூ.டி. (பாறைத் தரக் குறியீடு) என்கிறோம். ஒன்றரை மீட்டர் துளைத்து, நீளமான துண்டுகள் மொத்தம் 60 செ.மீ. கிடைத்தால் ஆர்.க்யூ.டி. 40%, அது நலிந்த பாறை. 75%க்கு மேல் இருந்தால் நல்ல பாறை. துளையிடும்போதே இயந்திரத்தால் உடைந்த துண்டுகளை ஒட்டிப் பார்த்து ஒரே துண்டாக எண்ண வேண்டும். பாறையிலேயே இருந்த பழைய விரிசலை அப்படி எண்ணக் கூடாது. இதற்கு அனுபவமுள்ள கண் வேண்டும். கோர்ப் பெட்டியின் ஒளிப்படத்தை அறிக்கையோடு கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியின் சார்னோகைட்டுக்கு உலகப் புவியியலில் தனி இடம் உண்டு. கல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறை வகையைச் சேர்ந்தது என்பதால், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புவியியலாளர் டி.எச். ஹாலண்ட் அதற்குச் சார்னாக்கின் பெயரை வைத்தார். சிதையாத சார்னோகைட்டின் அழுத்த வலிமை நம் வீட்டுக் கான்கிரீட்டைப் போலப் பல மடங்கு. ஆயினும் அதன் மேல் கட்டடத்தின் நிலைத்தன்மையைத் தீர்மானிப்பது கல்லின் வலிமையைவிட அதில் ஓடும் விரிசல்களும் அவற்றுக்குள் அடைந்திருக்கும் களியும்தான்.

மண்ணையும் தண்ணீரையும் வேதியியல் சோதனைக்கு அனுப்புவது அவசியமா?

கடலோரத்திலும், உப்பு நீர் வரும் ஆழ்துளைக் கிணறு உள்ள இடங்களிலும், தோல் அல்லது சாயக் கழிவு கலந்த நிலத்தடி நீர் உள்ள பகுதிகளிலும் கட்டாயம் அவசியம். மண்ணிலும் நீரிலும் உள்ள சல்பேட் கான்கிரீட்டை வெளியிலிருந்து அரிக்கும். குளோரைடு உள்ளே உள்ள கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். ஐ.எஸ். 456:2000 விதிப்படி, கான்கிரீட் கலக்கும் நீரின் பி.எச். 6க்குக் குறையக் கூடாது. கம்பி வைத்த கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி.க்கு மேல் இருக்கக் கூடாது. கம்பியில்லாத கான்கிரீட்டுக்கு 2000 மி.கி. வரை பொறுக்கலாம். குடிக்கக் கரிக்கும் தண்ணீரை, கலவைக்கு வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு க்யூரிங்குக்கு மட்டும் ஊற்றுவோர் பலர். அதுவும் தவறு, இளம் கான்கிரீட் அந்த உப்பை உறிஞ்சிக்கொள்ளும்.

பேஸ்மென்ட் நிரப்பும் மண்ணுக்கும் சோதனை உண்டா?

உண்டு, செலவும் குறைவு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் அணைக் கட்டுமானத்தில் பணியாற்றிய ஆர்.ஆர். பிராக்டர் 1933இல் எழுதிய முறையே இன்றும் அடிப்படை. ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு குறிப்பிட்ட ஈரப்பதத்தில்தான் மிகுந்த இறுக்கம் கிடைக்கும். அதற்குக் குறைந்தாலும் கூடினாலும் எவ்வளவு இடித்தாலும் பயனில்லை. ஆய்வகம் அந்த ஈரப்பதத்தையும் உச்ச அடர்த்தியையும் கண்டு தரும். பிறகு களத்தில் ஒரு சிறு குழி எடுத்து, அளந்த மணலை அதில் ஊற்றிக் கொள்ளளவு கண்டு, உண்மையில் அந்த அடர்த்தியில் எத்தனை விழுக்காடு கிடைத்திருக்கிறது என்று பார்க்கலாம். மூன்றடி உயரத்துக்கு ஒரே நாளில் மண் கொட்டித் தண்ணீர் தேக்கிவிட்டால் தானாக இறுகிவிடும் என்ற நம்பிக்கை மணலுக்கு ஓரளவு பொருந்தும். களி கலந்த செம்மண்ணுக்குப் பொருந்தாது. குடிவந்த இரண்டாம் ஆண்டில் டைல்ஸ் இறங்கி ஓசை மாறும் வீடுகளில் காரணம் பெரும்பாலும் இதுவே.

எம்-சாண்ட் நம்பத் தகுந்ததா? அதை எப்படிச் சோதிப்பது?

எம்-சாண்ட் என்பது கல்லை உடைத்துச் செய்யும் மணல். சரியாகத் தயாரிக்கப்பட்டால் நல்ல பொருள். ஆற்றை விட்டுவைக்கிறது என்பதற்காகவும் அதை ஆதரிக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், ஜல்லி உடைக்கும்போது எஞ்சும் கிரஷர் தூளும் அதே பெயரில் லாரியில் ஏறி வருகிறது. பார்வைக்கு இரண்டும் சாம்பல் நிறம்தான்.

முதலில் சல்லடைப் பகுப்பாய்வு செய்ய வேண்டும். ஐ.எஸ். 383:2016 மணலை நான்கு மண்டலங்களாகப் பிரிக்கிறது. 600 மைக்ரான் சல்லடை வழியே 35 முதல் 59% இறங்கினால் இரண்டாம் மண்டலம். கான்கிரீட்டுக்குப் பெரும்பாலோர் விரும்புவது இதையே. அடுத்தது, 75 மைக்ரானுக்கும் நுண்ணிய தூள் எவ்வளவு என்பது. இயற்கை மணலில் இது 3%க்குள் இருக்க வேண்டும். உடைத்துச் செய்த மணலுக்கு 15% வரை அனுமதி உண்டு. வேறுபாட்டுக்குக் காரணம் இருக்கிறது. ஆற்று மணலின் நுண்தூள் பெரும்பாலும் களியும் வண்டலும். அவை சிமெண்டுக்கும் மணலுக்கும் இடையே படிந்து பிடிப்பைக் கெடுக்கின்றன. எம்-சாண்டின் தூளோ நல்ல குவாரியாக இருந்தால் வெறும் கல்மாவு. அளவோடு இருந்தால் இடைவெளிகளை நிரப்பிக் கான்கிரீட்டை அடர்த்தியாக்கும். அளவு மீறினால் தண்ணீரை உறிஞ்சும்; மேஸ்திரி கலவை ஓடவில்லை என்று மேலும் தண்ணீர் ஊற்றுவார்; வலிமை அங்கேயே போய்விடும். தூளில் உள்ளது கல்மாவா களியா என்ற ஐயம் எழுந்தால் மெத்திலீன் நீலச் சோதனை விடை தரும்; களி அந்தச் சாயத்தை ஈர்த்துக்கொள்ளும்.

வீட்டில் கண்ணாடிக் குடுவையில் மணலும் உப்பு நீரும் குலுக்கி வைத்து, மேலே படியும் வண்டலின் உயரத்தைப் பார்ப்பது ஆற்று மணலுக்கு நல்ல முதற்கட்டச் சோதனை. எம்-சாண்டுக்கு அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மேலே படிவது கல்மாவாகவும் இருக்கலாம்.

இன்னொன்று பணம் சார்ந்தது. ஈர மணல் உப்பிக்கொள்ளும். ஐந்து விழுக்காடு ஈரத்தில் மணலின் கன அளவு 25% அளவுக்குக் கூடக்கூடும். அப்படி வந்த 100 கன அடி, அதாவது ஒரு யூனிட், உலர்ந்தால் ஏறத்தாழ 80 கன அடிதான். தட்டுக்கணக்கில் கலவை போடும் இடங்களில் இது மணலைக் குறைத்துச் சிமெண்டைக் கூட்டிவிடும். எடைக்கணக்கில் கலப்பதே சரியான வழி.

ஜல்லிக்கு என்னென்ன சோதனைகள்?

மோதல் மதிப்பு, நொறுங்கல் மதிப்பு, லாஸ் ஏஞ்சலஸ் தேய்மானம், வடிவச் சோதனை, நீர் உறிஞ்சல் ஆகியவை. மோதல் சோதனையில் 12.5 மி.மீ. சல்லடையில் இறங்கி 10 மி.மீ. சல்லடையில் நிற்கும் ஜல்லியை எடுத்து, ஏறத்தாழ 14 கி.கி. சுத்தியலை 380 மி.மீ. உயரத்திலிருந்து 15 முறை விழவிட்டு, 2.36 மி.மீ. சல்லடை வழியே இறங்கும் தூளின் விழுக்காட்டைக் காண்கிறோம். சாலை போன்ற தேயும் பரப்புக்கு 30%, மற்ற கான்கிரீட்டுக்கு 45% மேல் எல்லை. நம் கருங்கல் ஜல்லி இவற்றில் தோற்பது அரிது. தோற்பது பெரும்பாலும் வடிவத்தில்தான்: தட்டையாகவும் நீளமாகவும் உடைந்த ஜல்லி. இரண்டும் சேர்ந்து 40%க்கு மேல் இருக்கக் கூடாது. குவியலின் அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் மேலிருந்தும் எடுத்துக் கலந்து, நான்காகப் பிரித்துக் குறைத்து மாதிரி அனுப்புங்கள். கையில் அழகாகப் பொறுக்கி எடுத்த இரண்டு கிலோ ஜல்லி மாதிரி ஆகாது.

க்யூப் எப்படிப் போட வேண்டும்? ஏழு நாள் முடிவு போதாதா?

க்யூப் என்பது வலிமையைச் சோதிக்கத் தனியாக வார்க்கும் கான்கிரீட் கனசதுரம். ஆய்வகத்தில் மிக அதிகமாகத் தோற்பது கான்கிரீட்டைவிட, கவனமின்றிப் போட்ட க்யூப்தான் என்று வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. 150 மி.மீ. அச்சின் உட்புறம் எண்ணெய் தடவி, கான்கிரீட்டை மூன்று அடுக்குகளாக நிரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் 16 மி.மீ. தடியால் 35 முறை குத்தி, மேற்பரப்பைச் சமன் செய்ய வேண்டும். ஒரு நாள் அசையாமல், ஈரச் சாக்கு மூடி, நிழலில் இருக்க வேண்டும். பிறகு அச்சைக் கழற்றி, சோதனை நாள்வரை 27 பாகை செல்சியஸ் அளவில் உள்ள சுத்தமான நீரில் மூழ்கியிருக்க வேண்டும். கட்டடத்தின் ஓரத்தில் வெயிலில் காய்ந்து, சோதனைக்கு முதல் நாள் தண்ணீரில் போடப்பட்ட க்யூப் எந்தக் கான்கிரீட்டைப் பற்றியும் எதுவும் சொல்லாது. தேதி, தளம், தூண் எண் ஆகியவற்றை அழியாத மையால் எழுதுங்கள்.

இயந்திரத்தில் வைக்கும்போது கரணையால் தேய்த்த மேல்முகம் பக்கவாட்டில் இருக்க வேண்டும். அச்சைத் தொட்டிருந்த சமமுகங்களே பாரத்தை வாங்க வேண்டும். பாரத்தை நிமிடத்துக்கு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 14 நியூட்டன் வேகத்தில் ஏற்ற வேண்டும். எம் 25 என்றால் 28 நாளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டிய தரம். க்யூபின் ஒரு முகத்தின் பரப்பு 22,500 ச.மி.மீ. என்பதால் அது 562.5 கிலோ நியூட்டன், அதாவது ஏறத்தாழ 57 டன் தாங்க வேண்டும். சரியான வேகத்தில் இதற்கு இரண்டு நிமிடம் ஆகும். அரை நிமிடத்தில் உடைத்தால் எண் கூடித் தெரியும். ஒரு மாதிரிக்கு மூன்று க்யூப்கள். அவற்றில் எதுவும் சராசரியிலிருந்து 15%க்கு மேல் விலகினால் அந்த முடிவையே ஏற்கக் கூடாது.

ஏழு நாளில் சாதாரண சிமெண்டு 28 நாள் வலிமையில் மூன்றில் இரண்டு பங்கு அளவைத் தரும். சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டு மெதுவாக ஏறும். ஏழு நாள் முடிவு எச்சரிக்கை மணியாகப் பயன்படும். ஏற்பதா மறுப்பதா என்பதை 28 நாள் முடிவே தீர்மானிக்கும்.

எம் 25 என்று கேட்டால் கலவையை 25க்கே வடிவமைக்க மாட்டார்கள் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். களத்தில் ஏற்ற இறக்கம் இருக்கும் என்பதால் சராசரி 31.6 வரும்படி திட்டமிடுகிறார்கள். நூற்றில் ஐந்து முடிவுகளுக்கு மேல் 25க்குக் கீழே போகக் கூடாது என்பதே கணக்கு. தட்டுக்கணக்கில் சிமெண்டு, மணல், ஜல்லியை 1:1½:3 என்று கலப்பதை ஐ.எஸ். 456 எம் 20 வரைதான் அனுமதிக்கிறது. அதிலும் ஒரு மூட்டைச் சிமெண்டுக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது.

ரெடிமிக்ஸ் வாங்கினால் ஆலையின் சான்றிதழ் போதாதா?

போதாது. லாரி வழியில் நெரிசலில் நின்றிருக்கலாம். கலவை இறுகுகிறது என்று சாலையோரத்திலேயே தண்ணீர் சேர்த்திருக்கலாம். உங்கள் வாசலில், சுமையின் நடுப்பகுதியிலிருந்து எடுத்த கான்கிரீட்டில் நீங்களே க்யூப் போடுங்கள். 5 கன மீட்டர் வரை ஒரு மாதிரி, 15 வரை இரண்டு, 30 வரை மூன்று என்பது விதி.

28 நாள் க்யூப் தோற்றுவிட்டது. கட்டியதை இடித்துவிட வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம், அந்தக் கான்கிரீட்டின் மேல் அடுத்த தளம் போடுவதை மட்டும் உடனே நிறுத்துங்கள். முதலில் ரீபவுண்ட் சுத்தியல் சோதனையும் (மேற்பரப்பில் அடித்துத் துள்ளலை அளப்பது) மீயொலித் துடிப்புச் சோதனையும் (ஒலியலை கான்கிரீட்டைக் கடக்கும் வேகத்தை அளப்பது) செய்து, நலிந்த பகுதி எது, எவ்வளவு பரப்பு என்று வரையறுக்கலாம். ரீபவுண்ட் சுத்தியலின் கணிப்பு 25% வரை இரு பக்கமும் பிழைபடக்கூடும். பழைய கான்கிரீட்டின் மேற்பரப்பு கார்பனேற்றத்தால் இறுகியிருந்தால் எண் ஏமாற்றும். ஆகவே அதை வைத்துத் தேர்ச்சிச் சான்று தருவதை நாங்கள் ஏற்பதில்லை.

முடிவான விடை கோரில்தான் கிடைக்கும். கம்பி எங்கே ஓடுகிறது என்று கவர் மீட்டரால் குறித்துக்கொண்டு, ஐயத்துக்குரிய பகுதியில் குறைந்தது மூன்று கோர்கள் எடுக்க வேண்டும். உயரத்துக்கும் விட்டத்துக்கும் உரிய திருத்தம் செய்து, க்யூப் வலிமைக்கு மாற்றிய பின், சராசரி அந்தத் தரத்தின் 85%க்குக் குறையாமலும் எந்த ஒரு கோரும் 75%க்குக் குறையாமலும் இருந்தால் கான்கிரீட்டை ஏற்கலாம் என்கிறது ஐ.எஸ். 456. எம் 25க்கு இது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு முறையே 21.25, 18.75 நியூட்டன். அதிலும் தோற்றால் பாரச் சோதனை, தூணைச் சுற்றி வலுவூட்டல் போன்ற வழிகளை வடிவமைப்புப் பொறியாளர் முடிவு செய்வார். கோர் எடுத்த துளைகளைச் சுருங்காத கிரவுட்டால் அன்றே நிரப்பச் சொல்லுங்கள்.

எந்த ஆய்வகத்தை நம்புவது?

ஆய்வகங்களை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் உள்ளதா என்று பாருங்கள். அதோடு நிற்காமல், உங்களுக்கு வேண்டிய குறிப்பிட்ட சோதனை அந்த அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிமெண்டுக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் மண்ணுக்கும் பெற்றிருக்கும் என்று பொருளில்லை. அழுத்த இயந்திரத்தின் அளவுத்திருத்தச் சான்று நடப்பில் உள்ளதா என்று கேளுங்கள்; நல்ல ஆய்வகம் இதைக் கேட்பவரிடம் முகம் சுளிக்காது. கிண்டி அண்ணா பல்கலைக்கழகம் உள்ளிட்ட பொறியியல் கல்லூரிகளும் வெளியாருக்குக் கட்டணம் பெற்றுச் சோதனை செய்கின்றன.

அறிக்கையின் ஓரத்தில் "மாதிரி வாடிக்கையாளரால் வழங்கப்பட்டது" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த எண்ணுக்கு ஆய்வகம் பொறுப்பு; மாதிரிக்கு நீங்கள்தான் பொறுப்பு. மாதிரியை ஒப்பந்ததாரரின் ஆள் தனியாக எடுத்து வந்திருந்தால், இருவர் முன்னிலையில் மீண்டும் எடுத்து முத்திரையிட்டு அனுப்பச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

வீடு முடிந்த பிறகு இந்த அறிக்கைகளை என்ன செய்வது?

கிரயப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். மண் அறிக்கை, துளை போட்ட இடங்களைக் குறித்த மனை வரைபடம், ஃபுட்டிங் ஆழம் குறித்த குறிப்பு, ஒவ்வொரு தளத்தின் 28 நாள் க்யூப் முடிவு ஆகிய நான்கும் போதும். பதினைந்து ஆண்டுகள் கழித்து மேலே ஒரு தளம் எழுப்பலாமா என்ற கேள்வி எழும்போது, இவை இருந்தால் பொறியாளர் ஒரு மாலையில் கணக்குப் பார்த்துச் சொல்லிவிடுவார். இல்லையென்றால், குடியிருக்கும் வீட்டின் ஓரத்தைத் தோண்டி ஃபுட்டிங்கைத் தேட வேண்டும், தூணில் கோர் எடுக்க வேண்டும்.